தூரிகை ஏந்திய மகளும் காமிரா ஏந்திய தந்தையும்

நம் இல்லங்களின் கூடத்துச் சுவரில் மாட்டப்பெற்றிருக்கும் புகைப்படங்களை உற்று நோக்கினால், அவை பெரும்பாலும் ஒரே தன்மையனவாய் இருப்பதைக் காணலாம். மணக்கோலத்தில் நிற்கும் தம்பதியர். பட்டம் பெற்ற நாளில் கறுப்பு அங்கியும் சுருட்டிய தாளுமாக நிற்கும் பிள்ளை. நாற்காலியின் கையைப் பற்றியவாறு விறைப்பாக அமர்ந்திருக்கும் பாட்டனார். மனிதர் தம் தொழிலை நிறுத்திவிட்டு, நல்லாடை புனைந்து, காமிராவின் முன் வந்து நின்ற வேளையில் எடுக்கப்பட்டவை இவை. அவர்கள் உழைத்தபோது எப்படித் தோன்றினார்கள் என்பதை இப்படங்கள் சொல்லமாட்டா. பேரேட்டின் மேல் குனிந்திருந்த தந்தையின் முதுகையும், ஆட்டுக்கல்லைச் சுற்றிய தாயின் கையையும் நாம் படமாக்கி வைத்தோமில்லை.

இது நம் தலைமுறைக்கு மட்டும் உரிய குறையன்று, நெடுங்காலமாக வருவது. தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சூழ்ந்த இருண்ட சுற்றுவழியில், பிற்காலத்து ஓவியப் பூச்சின் அடியில், சோழர் காலத்துச் சுவரோவியங்கள் பல நூற்றாண்டுகள் மறைந்து கிடந்தன. 1931-ஆம் ஆண்டில் எஸ். கே. கோவிந்தசாமி அவற்றைக் கண்டு உலகுக்கு உணர்த்தினார். அக்கோயிலின் கல்வெட்டுகள், விளக்கெரிக்க ஆடு அளித்தோர் பெயரைக் கூறுகின்றன. 400 தளிச்சேரிப் பெண்டிரின் பெயரையும் அவர் குடியிருந்த வீட்டையும்கூட வரிசையாகக் கூறுகின்றன. ஆயினும், கண்டோர் வியக்கும் அவ்வோவியங்களை எழுதிய கைகள் எவருடையவை என்று சொல்ல ஒரு கல்லும் வாய் திறக்கவில்லை. ஓவியம் நின்றது, ஓவியர் மறைந்தார்.

இவ்வாறிருக்க, இருபதாம் நூற்றாண்டில் இந்திய ஓவியர் ஒருவரை, அதிலும் ஓர் இளம்பெண்ணை, அவர் தம் ஓவியக்கூடத்தில் தொழில் புரியும் நிலையிலேயே பதிந்து வைத்த புகைப்படம் நமக்குக் கிடைத்திருப்பது பெரும்பேறு என்றே கூறவேண்டும். அவர் அம்ரிதா ஷெர்கில் அம்மையார். இடம் சிம்லா, ஆண்டு 1937. மரச்சட்டத்தில் ஏற்றிய கித்தானுக்கு முன்னே மகள் இருக்கிறார். அவருக்கு எதிரே காமிராவின் பின்னால் நிற்பவர் அவருடைய தந்தை உம்ராவ் சிங். இவ்வொரு படத்தின் வரலாற்றை நாடிச் சென்றால், ஒரு குடும்பத்தின் வரலாறும், நம் நாட்டின் புதிய ஓவியக்கலை பிறந்த வரலாறும் ஒருங்கே விரிகின்றன. தென்னாட்டினராகிய நமக்கும் அதில் ஓரிடம் உண்டு.

முதலில் தந்தையைப் பற்றிக் கூறுவோம். உம்ராவ் சிங் ஷெர்கில் 1870-ஆம் ஆண்டில் பஞ்சாபின் மஜீட்டியா என்னும் புகழ்பெற்ற சீக்கியக் குடியில் பிறந்தவர். செல்வத்துக்குக் குறைவில்லை. எனினும் அவர் மனம் செல்வத்தில் நிலைத்ததாகத் தெரியவில்லை. வடமொழியும் பாரசீகமும் பயின்றார். தொலைநோக்கியால் விண்மீன்களை ஆராய்ந்தார். தச்சுத் தொழில் பழகினார். அழகெழுத்துக் கலையிலும் கை தேர்ந்தார். இவை எல்லாவற்றையும்விட அவரை ஆட்கொண்டது புகைப்படக் கலை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அவர் படம் எடுத்துக்கொண்டே இருந்தார். இதனால் ஒரு காசும் ஈட்டினாரில்லை. விற்பதற்காகவோ விளம்பரத்துக்காகவோ அன்றித் தம் வீட்டாரையும் தம்மையுமே பெரிதும் படம் பிடித்தார். தாடியும் தலைப்பாகையுமாகவும், யோகியர் போன்று அரையாடையுடனும், நூல் படிப்பவராகவும் அவர் தம்மைத் தாமே எடுத்துக்கொண்ட படங்கள் பலவாகும்.

அந்நாளில் புகைப்படம் எடுப்பது எளிய செயலாக இருக்கவில்லை என்பதை நம் இளைஞர்க்கு நினைவூட்டுவது நன்று. மருந்து பூசிய கண்ணாடித் தகட்டைக் காமிராவில் இருட்டில் செருகி, முக்காலியின் மேல் நிறுத்தி, ஒளியை அளந்து, பின்னர் இருட்டறையில் கழுவி எடுக்கவேண்டும். லூமியேர் சகோதரர் 1907-இல் விற்பனைக்குக் கொணர்ந்த வண்ணத் தகட்டில், சாயமேற்றிய உருளைக்கிழங்கு மாவின் நுண்துகள்களே நிறத்தைப் பிரித்துக் காட்டின. அத்தகட்டையும் உம்ராவ் சிங் கையாண்டார். வீட்டுக்குள் சாளர ஒளியை மட்டும் நம்பி எடுப்பதாயின், எதிரே இருப்பவர் மூச்சை அடக்கிச் சற்று நேரம் அசையாதிருத்தல் வேண்டும். பொறுமையற்றவர்க்கு உரிய கலையன்று அது.

1912-ஆம் ஆண்டில் லாகூரில் இவர் ஹங்கேரி நாட்டுப் பாடகியாகிய மேரி அந்துவானெத் என்பாரை மணந்தார். மகாராஜா ரஞ்சித் சிங்கின் பேர்த்தி பம்பா இளவரசியின் துணைவியாய் இந்தியாவுக்கு வந்தவர் அப்பெண்மணி. தம்பதியர் ஹங்கேரிக்குச் சென்றனர். 1913 ஜனவரி 30-ஆம் நாள் புடாபெஸ்ட் நகரில் அம்ரிதா பிறந்தார். மறு ஆண்டில் தங்கை இந்திரா பிறந்தார். முதல் உலகப் போர் மூண்டமையால் குடும்பம் அங்கேயே தங்க நேர்ந்தது. 1921-இல் இந்தியா வந்து சிம்லாவில் வீடு கொண்டனர். பெண்கள் இருவரும் தவழ்ந்த காலம் முதல் தந்தையின் காமிரா அவர்களைப் பின்தொடர்ந்தது. ஆகவே, தம்மைப் பிறர் உற்று நோக்கும்போது எவ்வாறு இருப்பது என்பதை அம்ரிதா இளமையிலேயே பழகியிருப்பார். தாமும் பிறரை உற்று நோக்கவேண்டும் என்னும் வேட்கை அவருக்கு அங்கிருந்தே பிறந்தது என்று நாம் கருதுவது மிகையாகாது.

சிறுமியின் கையில் ஓவியத் திறன் இருப்பதை முதலில் உணர்ந்து வழி காட்டியவருள் தாய்மாமன் எர்வின் பக்தாய் ஒருவர். இந்தியவியல் அறிஞராகிய அவர், உயிருள்ள மனிதரை எதிரே அமர்த்தி எழுதிப் பழகுமாறு மருமகளுக்கு அறிவுறுத்தினார். 1929-இல், அம்ரிதாவுக்குப் பதினாறு வயது ஆனபோது, குடும்பம் முழுவதும் பாரிஸ் நகருக்குச் சென்றது. ஒரு பெண்ணின் ஓவியக் கல்விக்காக ஒரு குடும்பம் கடல் கடந்து குடிபெயர்ந்தது என்பதை நாம் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். பிள்ளையின் பொறியியற் படிப்புக்காக ஊர் மாறிய குடும்பங்கள் நம் குடியிருப்பில் உண்டு. மகளின் தூரிகைக்காக மாறிய குடும்பம் எத்தனை?

பாரிஸில் லூசியான் சீமோன் என்னும் ஆசிரியரிடம் புகழ்மிக்க எக்கோல் தே போஸார் கலைப்பள்ளியில் அவர் பயின்றார். 1932-இல் எழுதிய 'இளம் பெண்கள்' என்ற ஓவியம், மறு ஆண்டில் கிராண்ட் சலோன் கண்காட்சியில் பொற்பதக்கம் பெற்றது. அவ்வோவியத்தில் அமர்ந்துள்ள இரு பெண்களுள் ஒருவருக்கு உருவம் தந்தவர் தங்கை இந்திராவே. இருபது வயதில் அம்ரிதா அந்த மன்றத்தின் இணை உறுப்பினரானார். இக்காலத்தில் அவர் தம் உருவத்தையும் பலமுறை தீட்டினார். தந்தை காமிராவால் செய்ததை மகள் தூரிகையால் செய்தார் என்று கூறலாம்.

பாரிஸில் புகழ் வாயிலைத் தட்டிய வேளையில் அவர் உள்ளம் இந்தியாவை நாடிற்று. அவருடைய வண்ணங்களின் செழுமையைக் கண்ட ஆசிரியர் ஒருவரும், மேலைநாட்டின் மங்கிய ஒளி இவருக்கு ஏற்றதன்று, கீழ்நாடே இவருக்கு உரிய களம் என்று கருதினாராம். ஆனால் தந்தைக்கு இதில் தயக்கம் இருந்தது. கட்டற்ற இயல்புடைய மகள் இந்தியாவுக்கு வந்தால் ஊரார் என்ன பேசுவரோ என்ற அச்சம் அது. மகள் 1934 செப்டம்பரில் அவருக்கு எழுதிய கடிதத்தில், தம் கலையின் வளர்ச்சிக்காகவே தாம் திரும்ப விரும்புவதை எடுத்துரைத்தார். அவ்வாண்டின் இறுதியில் திரும்பியும் வந்தார். மேலைநாட்டு உடையை விடுத்துப் புடவை உடுத்தலானார். சிம்லா வீட்டில் அவருக்கென ஓவியக்கூடம் அமைந்தது. மலைநாட்டு ஏழை மக்கள் அங்கே வந்து அமர்ந்தனர். 1935-இல் 'மூன்று பெண்கள்', 'மலைநாட்டு ஆடவர்', 'மலைநாட்டு மகளிர்' ஆகிய ஓவியங்கள் பிறந்தன. 'மூன்று பெண்கள்' 1937-இல் பம்பாய்க் கலைச் சங்கத்தின் பொற்பதக்கத்தைப் பெற்றது.

1936-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் தெற்கு நோக்கிப் புறப்பட்டார். நாம் தெற்கிலிருந்து பிழைப்பை நாடி வடக்கே வந்தவர்கள். அவரோ காண்பதை நாடி வடக்கிலிருந்து தெற்கே சென்றவர். அஜந்தாவின் குகைகளில் நின்றபோது, பாரிஸில் கற்றது முழுவதையும் மீண்டும் நிறுத்துப் பார்க்கவேண்டிய நிலை அவருக்கு ஏற்பட்டது. ஐதராபாத்தில் தம் ஓவியங்களைப் பெருஞ்செல்வராகிய சாலார் ஜங்குக்குக் காட்டினார்; அவர் வாங்கினாரில்லை. பின்னர்த் திருவனந்தபுரம், கொச்சி, கன்னியாகுமரி ஆகிய இடங்களைக் கண்டார். கன்னியாகுமரி அந்நாளில் திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டிருந்தது. 1956-இல்தான் நம் மாநிலத்தோடு இணைந்தது. கொச்சியில் மட்டாஞ்சேரி அரண்மனையின் சுவரோவியங்கள் அவரைக் கட்டி நிறுத்தின. வழிகாட்டிகள் விரைந்து கடந்து செல்லும் அச்சுவர்களின் முன் அவர் தாளும் கோலுமாக அமர்ந்து, உருவங்களைப் படியெடுத்தார்.

இப்பயணத்தின் பயன் சிம்லாவுக்குத் திரும்பிய பின்னரே வெளிப்பட்டது. 1937-இல் அவர் மூன்று பெரிய ஓவியங்களை எழுதினார். 'மணமகளின் ஒப்பனை' ஒன்று. 'பிரமசாரிகள்' மற்றொன்று: இடையில் வெண்ணிற வேட்டியும் மார்பில் பூணூலும் உடைய இளைஞர்கள் அமைதியே உருவாய் அமர்ந்திருக்கின்றனர். மூன்றாவது, 'சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தார்'. தென்னாட்டு மக்களின் கருமையை இவர் வெளுக்க முயலவில்லை, அழகுபடுத்தவும் இல்லை. செம்மண்ணும் வெண்துணியும் கருமேனியும் ஒன்றோடொன்று சேர்ந்து நிற்கும்போது எழும் கம்பீரத்தை அவர் கண்டுகொண்டார். தைல வண்ணத்தில் பட்டாடையும் பொன்னணியும் மிளிர எழுதிய படங்களையே அழகென்று போற்றிய அக்காலத்தில், வேட்டியின் வெண்மையையே பெருஞ்செல்வமாக எண்ணி எழுதிய கை அது.

இம்மூன்றும் தென்னாட்டு வெயிலில் எழுதப்பட்டவை அல்ல என்பதே வியப்பு. பனி பெய்யும் மலையூரில், பல நூறு கல் தொலைவில், கண்டதை நெஞ்சில் சுமந்து வந்து எழுதியவை அவை. பிறந்த ஊரைத் தொலைவிலிருந்து நினைப்பவருக்கு அதன் சிறு நிறமும் துலங்கித் தோன்றும் என்பதை, தில்லியின் மார்கழிக் குளிரில் காவிரிக்கரையை எண்ணும் நாம் அறியாதவரல்லோம். கண்ட ஊரைப் பிரிந்தபின் எழுதிய அவருக்கும் அத்தகைய தெளிவு வாய்த்தது போலும்.

இவ்வோவியங்கள் உருவான அதே ஆண்டில்தான், அதே சிம்லாவில், தந்தை மகளை ஓவியச் சட்டத்தின் முன் படம் எடுத்தார். ஏனைய படங்களில் இருந்து இது எங்கே வேறுபடுகிறது? உம்ராவ் சிங் மகளை எடுத்த படங்கள் எண்ணிலடங்கா. குழந்தையாய், பாரிஸ் நங்கையாய், புடவை உடுத்த இந்தியப் பெண்ணாய் அவர் அவற்றில் தோன்றுகிறார். அப்படங்களில் அம்ரிதா காணப்படுபவர் மட்டுமே. தூரிகையோடு இருக்கும் படத்திலோ அவர் காண்பவராகவும் இருக்கிறார். தந்தை மகளைப் பார்க்கிறார். மகளின் எதிரே, அவர் உருவாக்கிக்கொண்டிருக்கும் மற்றோர் உலகம் நிற்கிறது. தந்தை எவ்வளவு அருகில் வந்தபோதிலும் புகமுடியாத உலகம் அது.

'தொழில் புரியும் நிலையில் எடுத்த படம் என்கிறீர். காமிராவுக்காகத் தூரிகையை நிறுத்திக்கொண்டிருந்தால் அது தொழிலாகுமா?' என்று வினவுவார் இருக்கலாம். வினா நியாயமானதே. ஓவியக்கூடத்தில் எடுக்கப்படும் இத்தகைய படங்கள் பெரும்பாலும் ஒரு கணம் வேலையை நிறுத்தி எடுத்தவைதாம். அசைந்தால் உருவம் கலைந்துவிடும். ஆயினும், ஓவியத் தொழிலை அறிந்தோர் ஓர் உண்மையை அறிவர். ஓவியரின் நேரத்தில் பெரும்பகுதி தூரிகையை ஓட்டுவதில் செல்வதில்லை. இட்ட நிறத்தைப் பார்ப்பதிலும், இடப்போகும் நிறத்தை எண்ணுவதிலுமே செல்கிறது. ஆகவே தூரிகை நின்ற அக்கணமும் தொழிலின் ஒரு பகுதியே. தகடு கழுவுபவரும் தச்சுக் கருவி பிடித்தவருமாகிய உம்ராவ் சிங்குக்கு, கைத்தொழிலின் இந்த நிறுத்தம் புதியதன்று.

இத்தகைய படத்தின் அருமை, அம்மையாரைப் பற்றிப் பின்னாளில் வளர்ந்த கதைகளோடு ஒப்பிடும்போது மிகுகிறது. அவருடைய அழகைப் பற்றி எழுதினர். பழகிய நண்பர்களைப் பற்றி எழுதினர். அஞ்சாத பேச்சையும் இளமையில் நேர்ந்த சாவையும் பற்றி எழுதினர். கதைகள் பெருகப் பெருக, நாள்தோறும் சட்டத்தின் முன் நின்று, எழுதியதை அழித்து, மீண்டும் எழுதிய தொழிலாளியை மறந்தனர். இருபத்தெட்டு ஆண்டே வாழ்ந்த ஒருவர் நூற்றுக்கு மேற்பட்ட ஓவியங்களை விட்டுச் சென்றார் என்றால், அவர் கதைகளில் வரும் வாழ்க்கையை வாழ நேரம் மிகுதியாக இருந்திராது என்பது வெளிப்படை. தந்தையின் படம் இவ்வுண்மைக்குச் சான்று.

ஆனால் இக்குடும்பத்தைக் குறையற்றதாக நாம் வரைந்து காட்ட விரும்பவில்லை. 1938-இல் அம்ரிதா ஹங்கேரி சென்று, தம் தாய்வழி உறவினராகிய மருத்துவர் விக்டர் ஏகான் என்பவரை மணந்தார். அவர் அங்கே இருந்த காலத்தில், சிம்லா வீட்டில் அவர் விட்டுச் சென்ற கடிதங்கள் பலவற்றைப் பெற்றோர் படித்துப் பார்த்து எரித்துவிட்டனர். ஜவாஹர்லால் நேரு அவருக்கு எழுதிய கடிதங்களும் அவற்றுள் அழிந்தன. செய்தியறிந்த மகள் வருந்தித் தந்தைக்கு எழுதினார். ஊரார் பேச்சுக்கு அஞ்சிய அதே தந்தைதான், மகளின் தொழிலைப் புகைப்படத்தில் பதித்துக் காத்தவர். கடிதத்தைக் கண்டு அஞ்சிய மனம் தூரிகையைக் கண்டு அஞ்சவில்லை. பிள்ளைகளின் வாழ்வில் எதைக் காப்பது, எதை அழிப்பது என்று பெற்றோர் எடுக்கும் முடிவு, வரலாற்றில் எவ்வளவு தூரம் சென்று நிற்கிறது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா. எரிந்தவை எரிந்தவையே. மிஞ்சிய தகடுகளே இன்று நம்மோடு பேசுகின்றன.

மணமான பின் 1939-இல் இந்தியா திரும்பி, கோரக்பூருக்கு அருகே சராயா என்னும் ஊரில் உறவினரது பண்ணையில் கணவருடன் வாழ்ந்தார். 1941 செப்டம்பரில் இருவரும் லாகூருக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே தம் ஓவியக் கண்காட்சிக்கு ஆயத்தமாகிக் கொண்டிருந்த வேளையில் திடீரென நோயுற்று, 1941 டிசம்பர் 5-ஆம் நாள் அம்ரிதா மறைந்தார். வீட்டின் மேல்தளத்திலிருந்து கண்ட காட்சியை அவர் அப்போது எழுதிக்கொண்டிருந்தார். எருமைகளும் சுவர்களுமாக அந்த ஓவியம் பாதியில் நின்றுபோயிற்று. சிம்லாப் படத்தில் ஓவியரும் ஓவியமும் எதிரெதிரே இருக்கின்றனர். லாகூரிலோ ஓவியம் மட்டும் சட்டத்தில் காத்திருந்தது. எழுதும் கை வரவில்லை.

1948-இல் தாயார் மறைந்தார். தந்தை உம்ராவ் சிங் 1954 வரை வாழ்ந்தார். அவ்வாண்டிலேயே, நாம் வாழும் இத்தில்லி மாநகரில், இந்தியா வாயிலுக்கு அண்மையில் உள்ள ஜெய்ப்பூர் மாளிகையில் தேசிய நவீனக் கலைக்கூடம் திறக்கப்பெற்றது. தந்தையும் கணவரும் வழங்கிய ஓவியங்கள் அங்கே சேர்ந்தமையால், அம்ரிதாவின் படைப்புகளுள் நூற்றுக்கு மேற்பட்டவை இன்று நாட்டின் பொதுச்சொத்தாய் விளங்குகின்றன. 1976-இல் அரசு அவருடைய படைப்புகளைக் கலைக் கருவூலம் என்று அறிவித்தது. அதனால் அவற்றை வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்லத் தடை ஏற்பட்டது. வாழ்நாளில் வாங்குவார் இன்றி வருந்திய அவருடைய 'கதை சொல்பவர்' என்னும் 1937-ஆம் ஆண்டு ஓவியம், 2023 செப்டம்பரில் 61.8 கோடி ரூபாய்க்கு ஏலம் போயிற்று. அந்நாள் வரை இந்திய ஓவியம் எதுவும் ஏலத்தில் அவ்வளவு விலை பெற்றதில்லை. சாலார் ஜங் இதைக் கேட்டிருந்தால் என்ன நினைத்திருப்பாரோ!

தமிழராகிய நமக்கு இக்குடும்பத்தோடு மற்றோர் உறவும் உண்டு. தங்கை இந்திரா மணந்துகொண்டவர் தமிழர்: ஐ.சி.எஸ். அதிகாரியாகவும், விடுதலை பெற்ற இந்தியாவின் சட்டத்துறைச் செயலராகவும் பணியாற்றி, 1958 முதல் 1967 வரை தலைமைத் தேர்தல் ஆணையராக விளங்கிய கே. வி. கே. சுந்தரம். அவர்தம் மகன் விவான் சுந்தரம் 1943-இல் சிம்லாவில் பிறந்து, புகழ்பெற்ற கலைஞராகி, 2023-இல் மறைந்தார். பாட்டனார் எடுத்த பழைய தகடுகளைப் பேரன் தூசியில் மக்கவிடவில்லை. 2001, 2002 ஆண்டுகளில் அவற்றைக் கணினியின் துணையால் ஒன்றோடொன்று பொருத்தி, வெவ்வேறு காலத்து முகங்களை ஒரே அறையில் சந்திக்கச் செய்து, புதிய படவரிசை ஒன்றைப் படைத்தார். பெரியம்மாவின் கடிதங்களையும் எழுத்துகளையும் தொகுத்து 2010-இல் நூலாக்கினார். எரிந்தவை போக எஞ்சியவற்றை ஒரு தமிழரின் மகன் காத்தளித்தார் என்பது நமக்குப் பெருமை தருவதாகும்.

இவ்வரலாற்றிலிருந்து நம் குடியிருப்பின் குடும்பங்கள் கொள்ளத்தக்கது யாது? காமிரா இல்லாத வீடு இன்று இல்லை. கைப்பேசியிலேயே அது அமைந்திருக்கிறது. உம்ராவ் சிங் ஒரு திங்களில் எடுத்த படங்களைவிட, நம் பிள்ளைகள் ஒரு பிறந்தநாளில் எடுப்பவை மிகுதி. அவை அனைத்திலும் நாம் காமிராவை நோக்கிச் சிரிக்கிறோம். அகப்பையோடு அடுப்படியில் நிற்கும் அன்னையை, தையற்பொறியின் மேல் குனிந்த அத்தையை, வீணையின் நரம்பைச் சுருதி கூட்டும் மகளை, அலுவலகக் கோப்பினுள் ஆழ்ந்த தந்தையை, அவர்கள் நம்மை மறந்து தம் தொழிலில் ஒன்றியிருக்கும் வேளையில் ஒரு படம் எடுத்து வைப்போமாக. பேரப்பிள்ளைகள் பின்னாளில் தேடப்போவது அதைத்தான். பட்டுப்புடவை எல்லாப் பாட்டிமாரும் உடுத்தியதே. பாட்டியின் கை எப்படி மாவு பிசைந்தது என்பது அவ்வீட்டுக்கே உரிய செல்வம்.

மற்றொன்றும் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஜெய்ப்பூர் மாளிகைக்குச் செல்லலாம். 'பிரமசாரிகள்', 'மணமகளின் ஒப்பனை' ஆகிய ஓவியங்கள் அக்கலைக்கூடத்துக்கு உரியவை. அவற்றின் முன் நிற்கும்போது விலையைப் பற்றியும் சாவைப் பற்றியும் சொல்லவேண்டா. பனி விழும் ஓர் ஊரில், இருபத்துநான்கு வயதுப் பெண் ஒருவர் சட்டத்தின் முன் நின்று, நம் ஊர் வேட்டியின் வெண்மையை எவ்வாறு எழுதுவது என்று தூரிகையை நிறுத்தி எண்ணிக்கொண்டிருந்தார் என்று மட்டும் சொன்னால் போதும். அப்பெண்ணுக்கு எதிரே அவருடைய தந்தை அரவமின்றிக் காமிராவோடு நின்றார் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். தஞ்சையில் ஓவியம் எழுதியவரின் கையை நாம் காணக் கொடுத்துவைக்கவில்லை. சிம்லாவில் எழுதியவரின் கையை ஒரு தந்தையின் அன்பு நமக்குக் காட்டித் தந்திருக்கிறது. நம் வீட்டுக் கைகளைக் காட்டித் தருவது நம் கடன்.